எதிர்மறை விடுப்பு இருப்பும் கடைசிச் சம்பளமும்

எதிர்மறை விடுப்பு இருப்பு என்பது, ஒரு தொழிலாளர் குறிப்பிட்ட நாள் வரை தமக்குச் சேர்ந்த ஆண்டு விடுப்பைவிடக் கூடுதலான நாள்களை ஊதியத்துடன் எடுத்துவிட்ட நிலையைக் குறிக்கும். சம்பளப் பிரிவின் கணினியில் அவர் பெயருக்கு நேரே ‘மைனஸ் 5’, ‘மைனஸ் 7’ என்று தெரியும். அவர் வேலையில் தொடரும் வரை இதனால் யாருக்கும் இழப்பில்லை. வரும் மாதங்களில் சேரும் விடுப்பு அந்தப் பள்ளத்தைத் தானே நிரப்பிவிடும். ஆண்டின் இடையில் வேலை நின்றுபோனால்தான் கேள்வி எழுகிறது: அந்தக் கூடுதல் நாள்களுக்கு வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

‘எடுத்தது அதிகம், ஆகவே தர வேண்டியதுதான்’ என்று பெரும்பாலோர் நினைக்கின்றனர். முதலாளிகளும் அப்படியே நினைத்துக் கடைசிச் சம்பளத்தில் பிடித்தம் செய்துவிடுகின்றனர். பிரித்தானியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்கூட்டியே எழுத்தில் ஓர் உடன்பாடு இருந்தால் மட்டுமே அந்தப் பணத்தைத் திரும்பப் பெற முடியும். இக்கட்டுரை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் நடைமுறையில் உள்ள விதிகளை முதன்மையாக விளக்குகிறது. வட அயர்லாந்துக்குத் தனி ஒழுங்குவிதிகள் உண்டு.

இருப்பு எப்படி எதிர்மறையாகிறது

பிரித்தானியாவில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு, 1998-ஆம் ஆண்டின் வேலைநேர ஒழுங்குவிதிகளால் சட்ட உரிமையானது. தொடக்கத்தில் 3 வாரமாக இருந்த இந்த உரிமை, 1999 நவம்பரில் 4 வாரமாகவும், 2007 அக்டோபரில் 4.8 வாரமாகவும், 2009 ஏப்ரலில் 5.6 வாரமாகவும் உயர்ந்தது. வாரத்தில் 5 நாள் வேலை செய்பவருக்கு 5.6 வாரம் என்பது 28 நாள். இது சட்டம் தரும் குறைந்த அளவு. இதற்கு மேலும் விடுப்பு தரும் நிறுவனங்கள் பல உண்டு. அந்தக் கூடுதல் நாள்களை ஒப்பந்தம் மட்டுமே ஆளும்.

இந்த 28 நாள்களும் பொதுவாக ஒரு ‘விடுப்பு ஆண்டு’க்குள் எடுக்கப்பட வேண்டும். விடுப்பு ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் ஜனவரி 1, சில இடங்களில் ஏப்ரல் 1, இன்னும் சில இடங்களில் ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த நாள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஆண்டு உரிமையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் அவர் கணக்கில் சேரும். அதற்கு மேல் கேட்டால் முதலாளி மறுக்கலாம். முதல் ஆண்டு கடந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விடுப்பு ஆண்டின் முதல் மாதத்திலேயே மூன்று வாரம் கேட்டு, நிறுவனம் இசைந்தால் எடுக்கலாம். அதில் தவறேதும் இல்லை. கடன் வாங்கிய குற்றமும் இல்லை. ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்கு வருவோர், ஏப்ரலில் குடும்பத் திருமணத்துக்குப் புறப்படுவோர் எல்லாம் இப்படித்தான் செய்கின்றனர். மார்ச்சில் வேறு வேலை கிடைக்கும் என்று ஜனவரியில் எவருக்கும் தெரிவதில்லை.

விடுப்புக்கும் விடுமுறைக்கும் உள்ள வேறுபாடும் இங்கே குழப்பம் தரும். தமிழில் விடுமுறை என்றால் எல்லாருக்கும் பொதுவாகக் கதவடைக்கும் நாள். விடுப்பு என்றால் ஒருவர் கேட்டுப் பெறும் நாள். பிரித்தானியச் சட்டத்தில் இந்தக் கோடு மங்கலானது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் போன்ற வங்கி விடுமுறைகளைத் தனியாகத் தர வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமாக வரும் 8 வங்கி விடுமுறைகளையும் அந்த 28 நாளுக்குள்ளேயே அவர் சேர்த்துக்கொள்ளலாம். எனவே தொழிலாளர் கேட்காமலேயே அவருடைய விடுப்பிலிருந்து நாள்கள் கழிந்துகொண்டிருக்கும்.

முதலாளியே எதிர்மறை இருப்பை உண்டாக்குவதும் நடக்கிறது. எடுக்கப்போகும் நாள்களைப் போல் இரு மடங்கு நாள்களுக்கு முன்பே அறிவித்தால், குறிப்பிட்ட நாள்களில் விடுப்பு எடுக்கும்படி முதலாளி பணிக்கலாம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே அலுவலகத்தை மூடும் வழக்கம் இந்த அதிகாரத்தில்தான் நடைபெறுகிறது. 2025 டிசம்பர் 1 அன்று வேலைக்குச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த மாத முடிவில் அவருக்குச் சேர்வது சுமார் இரண்டே கால் நாள். டிசம்பர் 25, 26, 29, 30, 31 என 5 வேலைநாள்கள் அலுவலகம் மூடப்படுகிறது. அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனாலும் ஆண்டு முடியும்போது அவர் கணக்கு இரண்டரை நாளுக்கும் மேல் பள்ளத்தில் கிடக்கிறது. இத்தகைய பள்ளத்துக்கும் அவரிடமே பணம் கேட்பது நியாயமன்று. இதை உணர்ந்த நிறுவனங்கள் மூடல் நாள்களைக் கணக்கில் பிடிப்பதில்லை, அல்லது தொடக்கத்திலேயே ஊதியமில்லா விடுப்பாகப் பேசிக்கொள்கின்றன.

14-ஆம் ஒழுங்குவிதி

வேலை இடையில் முடியும்போது விடுப்பை எப்படித் தீர்ப்பது என்பதை வேலைநேர ஒழுங்குவிதிகளின் 14-ஆம் விதி சொல்கிறது. ஆண்டு முழுமைக்குமான உரிமையை, விடுப்பு ஆண்டில் கழிந்த பங்கால் பெருக்க வேண்டும். அதிலிருந்து ஏற்கெனவே எடுத்த நாள்களைக் கழிக்க வேண்டும். விடை நேர்மறையாக வந்தால், எடுக்காத அந்த நாள்களுக்கு ஈடான பணத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இது கடமை. தொழிலாளர் தாமாக விலகினாலும் வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும் இக்கடமை மாறுவதில்லை.

விடை எதிர்மறையாக வந்தால் விதியின் குரல் மாறிவிடுகிறது. தொழிலாளர் முதலாளிக்கு ஈடு செய்ய வேண்டும் என்று ஓர் உரிய உடன்படிக்கை ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த ஈடு பணமாக இருக்கலாம், கூடுதல் வேலையாக இருக்கலாம், வேறு வழியிலும் இருக்கலாம். ஒரு பக்கம் ‘கொடுக்க வேண்டும்’, மறுபக்கம் ‘ஏற்பாடு செய்துகொள்ளலாம்’. வேலை முடியும் நேரத்தில் எழும் தகராறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு இடையே உள்ள தூரத்தில்தான் கிடக்கிறது.

அப்படி ஒரு உடன்படிக்கை இல்லாதபோது, கூடுதலாக எடுத்த சட்டப்படியான விடுப்புக்கு உரிய பணத்தை முதலாளி திரும்பப் பெற முடியாது என்று 2000-களின் தொடக்கத்திலேயே வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்தது. அரசின் பொது வழிகாட்டுதலும் இதே நிலையைத்தான் எடுத்துரைக்கிறது: முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால் அன்றி, கூடுதல் விடுப்புக்காகக் கடைசிச் சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது.

‘உரிய உடன்படிக்கை’ என்பது எது? தொழிற்சங்கத்துடன் செய்துகொண்டு தனி ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்ட கூட்டு உடன்படிக்கையாக இருக்கலாம். பணியாளர் பிரதிநிதிகளுடன் செய்துகொண்டதாக இருக்கலாம். அல்லது இருவருக்கும் இடையே சட்டப்படி செல்லுபடியாகும் எழுத்துவடிவ ஒப்பந்தமாக இருக்கலாம். நடைமுறையில் பெரும்பாலும் மூன்றாவதுதான். வேலைக்குச் சேரும் நாளில் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், ‘வேலை முடியும் நாளில் சேர்ந்த விடுப்பைவிடக் கூடுதலாக எடுத்திருந்தால், அதற்குரிய தொகையை இறுதிச் சம்பளத்திலிருந்து நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். பணியாளர் கையேட்டில் மட்டும் இது இருந்தால் தகராறுக்கு இடமுண்டு. கையேடு ஒப்பந்தத்தின் பகுதி என்று சொல்லப்பட்டிருக்கிறதா, தொழிலாளருக்கு அது காட்டப்பட்டதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

மேலாளர் விடுப்பை அனுமதித்ததே திருப்பித் தரும் உடன்பாடாகிவிடாது. விடுப்புக்கான அனுமதி வேறு, பணத்தைத் திருப்பித் தரும் வாக்குறுதி வேறு.

சம்பளத்தில் கை வைக்கும் உரிமை

பணம் திரும்பி வர வேண்டும் என்பது ஒரு கேள்வி. அதைச் சம்பளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு விடை தருகிறது. சம்பளப் பிடித்தத்துக்கு மூன்று வாயில்களை அது திறந்துவைத்திருக்கிறது: வரி போன்ற சட்டப்படியான பிடித்தம், எழுத்தில் உள்ள ஒப்பந்த நிபந்தனை, தொழிலாளர் முன்கூட்டியே எழுத்தில் தந்த ஒப்புதல்.

‘முன்கூட்டியே’ என்ற சொல்லுக்கு இங்கே எடை அதிகம். ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றுக்காகப் பின்னர் வாங்கும் ஒப்புதலைக் கொண்டு பிடித்தம் செய்ய முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. விலகல் கடிதம் கொடுத்த பிறகு, ‘கணக்கை முடிக்க இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீட்டப்படும் தாளைக் கவனமாகப் படிக்க வேண்டியது இதனால்தான். விடுப்பு எடுத்து முடித்தாகிவிட்டது. அதற்கான ஒப்புதலை இப்போது வாங்க முயல்கிறார்கள் என்று பொருள். புதிய நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் தாமதமாகுமோ என்ற அச்சத்தில் பலர் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகின்றனர்.

தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுக்கப்பட்டிருந்தால் அதைத் திரும்ப எடுக்க அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு தனி விலக்கு தருகிறது. சில நிறுவனங்கள் கூடுதல் விடுப்பையும் இந்தக் கூடைக்குள் போட முயல்வதுண்டு. ஆனால் மேலாளர் அறிந்து அனுமதித்து, அனுமதித்த நாளுக்கு உரிய சம்பளம் சரியாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. கணக்குப் பிழை எதுவும் அங்கே இல்லை. பிழையால் கொடுத்த பணத்தோடு இதை ஒப்பிடுவது வலுவற்ற வாதம்.

ஒரு கணக்கு

விதியை எண்களில் பார்த்தால் பல விவரங்கள் வெளிப்படும். ஆண்டுச் சம்பளம் 31,200 பவுண்டு வாங்கும் ஒருவர் இங்கிலாந்தில் வாரம் 5 நாள் வேலை செய்கிறார். விடுப்பு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வங்கி விடுமுறை உட்பட மொத்தம் 28 நாள். 2025 ஜனவரி 1 வங்கி விடுமுறை. பிறகு ஜனவரி 6 முதல் 22 வரை ஊருக்குச் சென்று வருகிறார்; அது 13 வேலைநாள். ஆக எடுத்தது 14 நாள். மார்ச் 31-இல் வேலையை விடுகிறார்.

ஆண்டின் 365 நாளில் 90 நாள் கழிந்திருக்கிறது. 28-ஐ 90-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 6.9 நாள். எடுத்த 14-இலிருந்து இதைக் கழித்தால் கூடுதல் 7.1 நாள்.

ஒரு நாளின் விலை எவ்வளவு என்பதில்தான் அடுத்த சிக்கல். ஆண்டில் உள்ள வேலைநாள்கள் 260 என்று கொண்டு வகுத்தால் ஒரு நாளுக்கு 120 பவுண்டு. நாள்காட்டியின் 365 நாளால் வகுத்தால் சுமார் 85.48 பவுண்டு. முதல் முறையில் 852 பவுண்டு பிடித்தம். இரண்டாம் முறையில் சுமார் 607. வகுக்கும் எண்ணை மாற்றியதால் மட்டும் 245 பவுண்டு வேறுபாடு. அவருடைய மாதச் சம்பளம், வரிக்கு முன், 2,600 பவுண்டு. 852 பவுண்டு என்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புது ஊரில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய அதே மாதத்தில் இந்த ஓட்டை விழுகிறது.

எந்த எண்ணால் வகுப்பது என்பதை உடன்படிக்கையே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே நிறுவனம், தான் கொடுக்க வேண்டிய இடத்தில் 365-ஆலும், தான் வாங்க வேண்டிய இடத்தில் 260-ஆலும் வகுத்தால் அது ஏற்கத் தக்கதன்று. எடுக்காத சட்டப்படியான விடுப்புக்கு 365-ஆல் வகுத்துக் குறைத்துக் கொடுக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது, விடுப்பு எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் ஊதியத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியிருக்கிறது. அது முதலாளி கொடுக்க வேண்டிய தொகையைப் பற்றிய தீர்ப்பு. எதிர்த்திசையில் செல்லும் பிடித்தத்துக்கு உடன்படிக்கையின் சொற்களையே பார்க்க வேண்டும்.

‘இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் பள்ளம் நிரம்பிவிடும்’ என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. மேற்கண்டவர் ஏப்ரல் 30 வரை நீடித்தால் சேர்ந்த விடுப்பு 9.2 நாளாகும். ஆனால் ஏப்ரல் 18 புனித வெள்ளி, 21 ஈஸ்டர் திங்கள். எடுத்த நாள் 16 ஆகிவிடும். பற்று 6.8. ஒரு மாதம் கூடுதலாக வேலை செய்தும் குறைந்தது வெறும் 0.3 நாள்! மே மாதத்தில் மேலும் இரண்டு வங்கி விடுமுறைகள் வருகின்றன. ஜூன் 30 அன்றும் 4.1 நாள் பற்று இருக்கும். ஆகஸ்டு 25-இல் இன்னொன்று. வேறு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருந்தாலும் செப்டம்பர் முதல் வாரத்தில்தான் கணக்கு பூச்சியத்தைத் தொடும். விலகும் நாளைத் தள்ளிப்போடுவதற்கு முன் நாள்காட்டியில் வங்கி விடுமுறைகளைப் பார்ப்பது நல்லது.

பிடித்தம் வரிக்கு முந்திய மொத்தச் சம்பளத்தில் செய்யப்படுகிறதா என்பதும் கவனிக்கத் தக்கது. அப்படிச் செய்தால் வரிக்குரிய தொகை குறைவதால் கையிலிருந்து போவது 852 பவுண்டைவிடக் குறைவாக இருக்கும். வரியெல்லாம் பிடித்த பிறகு கையில் வரும் தொகையிலிருந்து முழு 852-ஐயும் கழித்தால், தாம் பெறாத பணத்துக்கும் தொழிலாளர் வரி கட்டியவராகிறார்.

கடைசிச் சம்பளம் போதாவிட்டால்

கூடுதல் விடுப்பின் தொகை கடைசிச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருப்பதும் உண்டு. மாதத்தின் முதல் வாரத்தில் வேலை முடிந்தால் அப்படி ஆகும். உடன்படிக்கை இருந்தால் மீதியைக் கடனாகக் கேட்டு நிறுவனம் கடிதம் எழுதலாம், தவணை பேசலாம், கடைசி வழியாக உரிமையியல் நீதிமன்றத்துக்கும் போகலாம். சிறு தொகைக்கு நீதிமன்றம் வரை செல்வது செலவுக்குக் கட்டுபடியாகாது என்பதால் பல நிறுவனங்கள் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதை நம்பிக் கடிதத்தைக் குப்பையில் போடுவதும் சரியன்று. உடன்படிக்கை உண்டா, கணக்கு சரியா என்று கேட்டுப் பதில் எழுதுவதே முறை.

உடன்படிக்கை இல்லாமல் பிடித்தம் நடந்துவிட்டால், தொழிலாளர் முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. பிடித்தங்களை விவரமாகக் காட்டும் சம்பளச் சீட்டைப் பெறுவது அவருடைய சட்ட உரிமை. அதில் ‘விடுப்புச் சரிசெய்தல்’ என்று ஒற்றை வரி இருந்தால், எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு, எந்த ஒப்பந்தப் பத்தியின்படி என்று எழுத்தில் கேட்கலாம். பல தகராறுகள் இந்த மூன்று கேள்விகளிலேயே முடிந்துவிடுகின்றன; பிடித்தவருக்கே விடை தெரியாத நேரம் உண்டு. முடியாவிட்டால் ஏகாஸ் என்ற பொது அமைப்பிடம் சமரசத்துக்கு விண்ணப்பித்து, அதன் பிறகு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் சட்டவிரோதப் பிடித்தம் என்று முறையிடலாம். தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. காலக்கெடு குறுகியது, பிடித்தம் நடந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடுவோர் குறைவல்லர்.

விலகுவதற்கு முன்

வேலையை விடும் எண்ணம் வந்தவுடனேயே, விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன், ஒப்பந்தத்தில் இந்தப் பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருந்தால், பணமாகத் தருவதுதான் ஒரே வழி என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. கூடுதல் வேலை செய்து ஈடுகட்டுவதையும் 14-ஆம் விதியே குறிப்பிடுகிறது. முன்னறிவிப்புக் காலத்தில் சில சனிக்கிழமைகள் வந்து வேலை செய்து பற்றைத் தீர்ப்பதற்கு மேலாளர்கள் பலர் மகிழ்ச்சியோடு இசைவர். விட்டுச் செல்பவரின் வேலையை ஒப்படைக்க அவர்களுக்கும் நாள்கள் தேவை. முன்னறிவிப்புக் காலத்திலும் விடுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழு மாதத்துக்கு அது சுமார் 2.3 நாள்.

ஆட்குறைப்பில் வேலை இழப்பவர் நிலை வேறு. வேலை முடிவதற்கு அவர் காரணமல்லர். ஒழுங்குவிதியில் இந்த வேறுபாடு இல்லை. வேலை எதனால் முடிந்தாலும் ஒரே சூத்திரம்தான். ஆனால் ஆட்குறைப்புப் பேச்சின்போது விடுப்புப் பற்றைத் தள்ளுபடி செய்யும்படி கேட்பது எளிது. இழப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் நிறுவனத்துக்கு அது சிறு தொகை. கேட்காதவர்களுக்குத் தானாகத் தள்ளுபடி ஆவதில்லை.

பகுதிநேர வேலையும் மாணவர்களும்

பிரித்தானியாவில் படிக்க வந்து கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவர்களுக்கு நேரம் வாரத்துக்கு வாரம் மாறுவதுண்டு. அவர்களுக்கு 28 நாள் கணக்கு பொருந்தாது. 2024 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளிலிருந்து, ஒழுங்கற்ற நேரம் வேலை செய்வோருக்கு ஒவ்வொரு சம்பளக் காலத்திலும் வேலை செய்த நேரத்தில் 12.07 விழுக்காடு விடுப்பாகச் சேர்கிறது. ஒரு மாதத்தில் 80 மணி நேரம் வேலை செய்தால் 9.66 மணி நேரம். விடுப்பு முதலில் சேர்ந்து பிறகே எடுக்கப்படுவதால் எதிர்மறை இருப்பு இங்கே அரிது. நிறுவனம் தானாக முன்வந்து கூடுதலாகக் கொடுத்திருந்தால் மட்டுமே அது எழும்.

இத்தகையோருக்கு விடுப்புப் பணத்தை மணிக்கூலியோடு சேர்த்தே கொடுத்துவிடும் முறையும் இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் பெறுபவருக்கு விடுப்பு நாளன்று தனியாகச் சம்பளம் வராது. ஆகவே வேலையை விடும்போது திருப்பித் தரவும் எதுவும் இருக்காது. சம்பளச் சீட்டில் அந்த 12.07 விழுக்காடு தனி வரியாகக் காட்டப்பட வேண்டும்.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் முழுநேரத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 4 வார விடுப்பு, வேலை செய்யச் செய்யச் சிறுகச் சிறுகச் சேர்கிறது. சேராததை எடுக்க வேண்டுமானால் இருவரும் இசைய வேண்டும். அந்நாட்டின் தொழில்துறை ஊதிய ஆணைகளில் உள்ள மாதிரிப் பத்தி இதை நன்றாகக் கையாள்கிறது: எத்தனை நாள் முன்விடுப்பு, எந்த நாளில் தொடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரும் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதப்பட்டிருந்து, விடுப்பு சேர்வதற்குள் வேலை முடிந்தால் முதலாளி அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். சேரும் நாளில் போட்ட ஒரு கையெழுத்து ஆண்டுகள் கழித்து வந்து பிடிப்பதைவிட இது தெளிவானது. விமானச் சீட்டு வாங்கும் முன்பே கடன் வாங்குகிறோம் என்பது எடுப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நியூசிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் விடுமுறைகள் சட்டப்படி 12 மாதத் தொடர் வேலைக்குப் பின்பே 4 வார உரிமை பிறக்கும். முதல் ஆண்டில் எடுப்பதெல்லாம் முன்விடுப்பே. ஓராண்டு முடியும் முன் விலகுபவருக்கு அதுவரை ஈட்டிய மொத்தச் சம்பளத்தில் 8 விழுக்காடு விடுப்புப் பணமாகக் கிடைக்கும்; முன்விடுப்புக்குக் கொடுத்த தொகை அதிலிருந்து கழிக்கப்படும்.

இந்தியாவில் ‘ஈட்டிய விடுப்பு’ என்ற பெயரே முறையைச் சொல்லிவிடுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த முறையில், ஒரு நாள்காட்டி ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் விடுப்பு கிடைத்தது. முதலில் உழைப்பு, பிறகு விடுப்பு. பள்ளம் விழ வழியில்லை.

ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 31-ஆம் விதி, கணக்கில் இன்னும் சேராத அரைச் சம்பள விடுப்பை மருத்துவச் சான்றின்பேரில் முன்னதாகவே தர இடமளிக்கிறது; பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 360 நாள் வரை. ஊழியர் வேலைக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு இருக்க வேண்டும். திரும்பிய பின் அவர் ஈட்டக்கூடிய அளவுக்குத்தான் தர முடியும். திரும்பி வந்தவர் அந்த விடுப்பை ஈட்டி முடிப்பதற்குள் தாமாகப் பதவி விலகினால், ஈட்டாத பகுதிக்குரிய விடுப்புச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். மேற்கொண்டு வேலை செய்ய இயலாத அளவு உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றாலோ இறந்துவிட்டாலோ எதுவும் வசூலிக்கப்படாது. பிரித்தானியாவின் 14-ஆம் விதியில் இப்படிப்பட்ட விலக்கு எழுதப்படவில்லை. அங்கே அது ஒப்பந்தத்தை எழுதுபவரின் கையில் விடப்பட்டிருக்கிறது.